திரை பிறகு, ஒலி முதலில்

சின்தசைசர் கற்றுத்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஒரே வரிசையில் நகர்கின்றன. ஆசிரியர் முடிந்த ஒலியை ஒருமுறை வாசித்துக் காட்டுவார். பிறகு வெறும் பேட்ச் ஒன்றைத் திறந்து, "முதல் ஆசிலேட்டரில் சா அலை, இரண்டாவதைக் கொஞ்சம் டீட்யூன் செய்யுங்கள், ஃபில்டர் கட்ஆஃப் இங்கே இருக்கட்டும், ரெசொனன்ஸ் இவ்வளவு போதும்" என்று நாப் நாப்பாகப் போவார். பார்ப்பவர் அதே எண்களைத் தன் திரையிலும் வைப்பார். அதே ஒலி வரும். பாடம் முடிந்த திருப்தி இருவருக்கும் கிடைத்துவிடும். மறுநாள் ஒரு பாட்டில் வேறோர் ஒலியைக் கேட்டு, அதைச் செய்துபார்க்கலாம் என்று உட்கார்ந்தால் எந்த நாப்பைத் தொடுவது என்று தெரியாமல் கை நிற்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒவ்வொரு மாற்றமும் முதலில் காதுக்குப் போகவேண்டும். என்ன மாறியது, எதைத் திருப்பினால் இப்படி மாறும் என்று பார்ப்பவர் ஊகிக்க இடைவெளி தரவேண்டும். திரையில் நாப் தெரிவது அதன் பிறகுதான். ஒலி வடிவமைப்பு என்பது காதில் கேட்ட விளைவிலிருந்து காரணத்தைத் தேடிப்போகும் வேலை. வழக்கமான வீடியோவோ காரணத்தில் தொடங்கி விளைவில் முடிகிறது. மாணவர் நாளை தனியாக நடக்கவேண்டிய திசையில் அவரை ஒருமுறைகூட நடத்திப் பார்ப்பதில்லை.

பார்த்தாலே வந்துவிடும் என்ற உணர்வை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் ஆகிய இருவரும் 2018-ல் 'சைக்கலாஜிக்கல் சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், மேசைமேல் இருக்கும் பாத்திரங்கள் விழாமல் விரிப்பை மட்டும் உருவி எடுக்கும் வித்தையின் வீடியோவைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்கள் தங்களாலும் அதைச் செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். டார்ட் எறிதல், மூன்வாக் போன்றவற்றைச் செய்யவைத்தே சோதித்தபோது, ஏறியிருந்தது நம்பிக்கை மட்டும்தான்; திறமை இருந்த இடத்திலேயே இருந்தது. அதே ஆய்வின் இன்னொரு சோதனை நமக்கு மேலும் முக்கியம். கட்டைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களின் கையில் அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் கொடுத்ததுமே மிகை நம்பிக்கை இறங்கிவிட்டது. அவர்கள் பழகிப் பார்க்கவில்லை; வெறுமனே பிடித்துப் பார்த்ததே போதுமாக இருந்தது. நாப்பைத் திருப்புவதில் உடல் திறமை எதுவும் இல்லையே, இந்த ஒப்பீடு பொருந்துமா என்று கேட்கலாம். சின்தசைசரில் கடினமான பகுதி விரலில் இல்லை, எந்த நாப் என்ற முடிவில் இருக்கிறது. அதனால் இங்கே நிலைமை இன்னும் மோசம் என்பேன். விரிப்பை உருவுபவரின் கையாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒலி வடிவமைப்பவர் எதைக் கேட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பது அவராக வாய்திறந்து சொன்னாலொழிய வீடியோவில் எங்குமே தெரியாது.

ஊகிக்கவைப்பதன் பலன் உடனே கண்ணில் படாது என்பது இன்னொரு சிக்கல். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-ல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். அது உரைநடையை நினைவில் வைப்பது பற்றிய சோதனை. ஒலிக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. ஆனாலும் வீடியோ ஆசிரியர் எங்கே ஏமாறுகிறார் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. வீடியோ முடிந்த கையோடு "நன்றாகப் புரிந்தது" என்று மாணவர் சொல்வது ஐந்து நிமிடச் சோதனையின் மதிப்பெண். ஒரு வாரச் சோதனையின் மதிப்பெண் ஆசிரியருக்கு வந்துசேர்வதே இல்லை.

சின்தசைசரில் ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கமுடியும் என்பதால் செய்முறை வீடியோ மறைப்பது நிறைய. ஒரு சுரம் பளிச்சென்று தொடங்கி, போகப்போக மங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். லோபாஸ் ஃபில்டரின் கட்ஆஃபை ஓர் என்வலப் கீழே இறக்கிக்கொண்டிருக்கலாம். எஃப்எம் முறையில் மாடுலேட்டரின் அளவு குறைந்துகொண்டிருக்கலாம். வேவ்டேபிளில் இடம் நகர்ந்துகொண்டிருக்கலாம். 1983-ல் வெளியான கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் முறை என்றால், தந்தியைப் போல அலை ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாகி, மேல் ஹார்மோனிக்குகள் தாமாகவே தேய்ந்துபோகும். மேலோட்டமாகக் கேட்டால் நான்கும் "பளிச்சிட்டு மங்கும் ஒலி"தான். கவனித்துக் கேட்டால் பிரிகின்றன: ஃபில்டர் மேலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு வரும், எஃப்எம்-மில் சில ஹார்மோனிக்குகள் நடுவழியில் ஏறி இறங்கும். செய்முறை வீடியோ நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றும் உலகத்திலேயே இல்லாததுபோல நடந்துகொள்கிறது. மாணவர் கேட்டுப் பிரித்தறிய வேண்டிய இடத்தில், பிரித்தறிய ஒன்றுமே இல்லை என்ற பாடத்தைத்தான் கற்கிறார்.

இதற்கு நேரெதிரான உதாரணம் அச்சில் இருக்கிறது. பிரிட்டனின் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இதழில் கார்டன் ரீட் 1999 முதல் 2004 வரை 63 பகுதிகளாக எழுதிய 'சின்த் சீக்ரெட்ஸ்' தொடரில், அச்சு இதழ் என்பதால், ஒலி என்பதே கிடையாது, எழுத்தும் வரைபடமும்தான். எக்காளம், புல்லாங்குழல், தந்தி வாத்தியம், மணி ஒவ்வொன்றின் ஒலியும் ஏன் அப்படி இருக்கிறது என்று முதலில் இயற்பியலில் தொடங்கி, அதை எந்த ஆசிலேட்டரும் ஃபில்டரும் நெருங்கும் என்று போகும் அந்தத் தொடரை இன்றும் கற்பவர்கள் தேடிப் படிக்கிறார்கள். ஒலி இல்லாத குறையே அதற்குப் பலமாயிற்று என்று நினைக்கிறேன்: வாசகர் தன் கருவியில் செய்து, தன் காதால் கேட்டால்தான் அடுத்த பத்திக்குப் பொருள் கிடைக்கும். மறுபக்கம், 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்-7. ஜான் சவ்னிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்த எஃப்எம் முறையில், ஆறு ஆபரேட்டர்களும் 32 அல்காரிதங்களும் கொண்ட அசாத்தியக் கருவி அது. ஆனால் 1970-ன் மினிமூக்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாப் கையெட்டும் தூரத்தில் இருந்த இடத்தில், டிஎக்ஸ்-7-ல் சின்ன இரண்டு வரித் திரையும் எண்ணை மாற்ற ஒரு ஸ்லைடரும்தான். வாசிப்பவர்களில் பலர் கருவியோடு வந்த ஒலிகளிலும், விலைக்கு வாங்கிய கார்ட்ரிட்ஜ் ஒலிகளிலும் தங்கிவிட்டார்கள். மாற்றுவதும் கேட்பதும் ஒரே கணத்தில் நடக்காமல் போனதால், எதை மாற்றினால் என்ன கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் திறன் வளர வழியில்லை. எண்களைப் படித்துக்காட்டும் வீடியோ, நாப் நிறைந்த கருவியை வைத்துக்கொண்டே மாணவரை அந்த இரண்டு வரித் திரைக்கு அனுப்பிவைக்கிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு டீட்யூனை எடுத்துக்கொள்கிறேன். மிக எளிய பாடம் என்று எல்லோரும் அரை நிமிடத்தில் கடந்துபோகும் விஷயம் என்பதால்தான். வைட்டல் அல்லது சர்ஜ் எக்ஸ்டி போல இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் இரண்டு ஆசிலேட்டர்களிலும் சைன் அலை வையுங்கள். பல மென்பொருள்களில் அலை தொடங்கும் ஃபேஸ் இயல்பாகவே ரேண்டமாக இருக்கும். அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒலியளவு வேறாக வந்து பாடத்தைக் கெடுக்கும். இரண்டாவது ஆசிலேட்டரை 10 சென்ட் உயர்த்துங்கள். வீடியோவில் திரை கறுப்பு. வாசிக்கும் சுரத்தின் பெயர் மட்டும் தெரியட்டும். முதலில் 110 ஹெர்ட்ஸ். ஒலி மெதுவாகப் பொங்கித் தணியும், ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை. இப்போது கேளுங்கள்: என்ன ஆடுகிறது? எல்எஃப்ஓ ஒன்று வால்யூமை ஆட்டுகிறது என்று மாணவர் நினைத்தால் அது நியாயமான ஊகம். காதுக்கு இதுவரை கிடைத்த சாட்சியம் அதைத்தான் சொல்கிறது. அதை மறுக்காமல் அடுத்த சாட்சியத்தைக் கொடுங்கள். எதையும் தொடாமல் 220, பிறகு 440. ஆட்டம் ஒவ்வோர் எட்டாம் சுரத்துக்கும் இரட்டிப்பாகிறது. 440-ல் விநாடிக்கு இரண்டரை. சாதாரண எல்எஃப்ஓ எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே வேகத்தில்தான் ஆடும். ஆக, அந்த ஊகத்தை மாணவரின் காதே தள்ளிவிடுகிறது. இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம்தான் கேட்கிறது என்பதை நீங்கள் இப்போது சொன்னால் அது அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கான பதில். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் வெறும் தகவல்.

அதே பாடத்தை இன்னும் சில படிகள் நீட்டலாம். சைனுக்குப் பதில் சா அலை வையுங்கள். சா அலையில் எல்லா ஹார்மோனிக்குகளும் உண்டு. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஆடுவதால் தெளிவான பொங்கல் கரைந்து ஒரு மினுமினுப்பாகிவிடும். 1996-ல் வந்த ரோலண்ட் ஜேபி-8000-ன் 'சூப்பர்சா' ஏழு சா அலைகளை இப்படி விலக்கி வைத்ததுதான் என்று சொன்னால், டிரான்ஸ் இசையின் அந்த அகன்ற ஒலி மாயமாக இல்லாமல் கணக்காகத் தெரியும். பிறகு ஒரு சவால்: 55 ஹெர்ட்ஸ் பேஸ் சுரத்தில் 10 சென்ட் டீட்யூன் மூன்று விநாடிக்கு ஒருமுறைதான் ஆடும், 440-ல் கேட்ட அதே வேகம் பேஸிலும் வேண்டுமென்றால்? கிட்டத்தட்ட 80 சென்ட் விலக்கவேண்டியிருக்கும், அப்போது சுதி கெட்டுவிடும். சில சின்தசைசர்களில் டீட்யூனை சென்ட்டில் அல்லாமல் ஹெர்ட்ஸில் வைக்கும் வசதி ஏன் இருக்கிறது என்பது மாணவருக்கு அங்கே தானாகவே விளங்கும். கையேட்டில் அந்த வசதியை நூறு முறை பார்த்தாலும் விளங்காத விஷயம் இது.

எஃப்எம் பாடத்துக்கும் இதே வழி பொருந்தும். தமிழ்க் காதுக்கு அங்கே ஓர் அனுகூலமும் இருக்கிறது. கேரியருக்கும் மாடுலேட்டருக்கும் உள்ள விகிதம் முழு எண்ணாக இருந்தால் ஹார்மோனிக்குகள் சுதியோடு அமையும், 1-க்கு 1.4 போன்ற விகிதத்தில் மணியோசை வரும், சவ்னிங்கின் 1973 கட்டுரையிலேயே உள்ள உதாரணம் அது. பெரும்பாலான தோல் வாத்தியங்களின் மேலதிர்வுகள் சுதிக்குள் அடங்காதவை. மிருதங்கத்தில் அவை எப்படி அடங்குகின்றன என்பதை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள்: வலந்தலையின் நடுவே உள்ள கறுப்புப் பூச்சான கரணை அந்த அதிர்வுகளை ஹார்மோனிக் வரிசைக்கு இழுத்துவருகிறது. இரண்டு எஃப்எம் ஒலிகளைத் திரையில்லாமல் வாசித்து, எது மிருதங்கத்தின் பக்கம், எது கோயில் மணியின் பக்கம் என்று கேட்டால், விகிதம் என்ற சொல்லையே அறியாதவரும் பதில் சொல்லத் தொடங்கிவிடலாம்.

இனி எதிர்வாதங்கள். வலுவானது இது: புதிதாகக் கற்பவரைத் தானே கண்டுபிடிக்க விடுவதைவிட, தீர்த்துக்காட்டிய கணக்கைக் கொடுப்பதே நல்லது என்று ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-லேயே இயற்கணித மாணவர்களிடம் காட்டியிருக்கிறார்கள். செய்முறை வீடியோவும் தீர்த்துக்காட்டிய கணக்குதானே? இந்த ஆதாரத்தை நான் ஒதுக்கவில்லை; சின்தசைசரை முதல்முறை திறப்பவருக்கு நூறு நாப்புகளின் நடுவே "நீயே கண்டுபிடி" என்பது கொடுமைதான். ஆனால் அந்தச் சோதனைகளில் தீர்த்துக்காட்டிய கணக்கை அடுத்து அதே வகைக் கணக்கு ஒன்று மாணவரிடம் தரப்பட்டது. செய்முறை வீடியோவில் அந்த இரண்டாம் பாதி வருவதே இல்லை. தவிர, மாணவர் தேறத்தேற முழு விளக்கம் உதவாமல் இடைஞ்சலாகவே மாறுகிறது என்பதையும் ஸ்வெல்லரின் ஆய்வு வழியில் வந்தவர்களே பின்னர் காட்டினார்கள். ஆகவே முதல் இரண்டு மூன்று பாடங்களில் ஊகிக்கத் தரும் தேர்வு இரண்டே இரண்டாக இருக்கட்டும்: கட்ஆஃப் இறங்கியதா, வால்யூம் இறங்கியதா? பிறகு மூன்று, நான்கு. கடைசிப் பாடங்களில் தேர்வுப் பட்டியலே வேண்டாம்.

அடுத்தது வியாபார எதிர்வாதம். கறுப்புத் திரையும் மௌனமும் வந்தால் பார்ப்பவர் போய்விடுவார்; புகழ்பெற்ற பாட்டின் பேஸ் ஒலியைச் செய்வது எப்படி என்ற தலைப்புக்குத்தான் கூட்டம் வரும். உண்மைதான், அந்தத் தலைப்பை விடவும் வேண்டாம். தலைப்பு வாசல், உள்ளே வரிசையை மாற்றுவதைத் தலைப்பு தடுப்பதில்லை. மௌனம் ஐந்தாறு விநாடி போதும். நீளத்தைப் பற்றித்தான் உண்மையில் கவலைப்படவேண்டும்: எட்எக்ஸ் இணையப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசி 2014-ல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் ஈடுபட்டுப் பார்த்த இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. 40 நிமிடத்தில் ஒரு முழு பேட்ச் என்பதைவிட, ஆறு நிமிடத்தில் ஒரே கேள்வி என்பது இந்தக் கணக்குக்கும் ஒத்துவருகிறது. கூட்டம் குறையலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கூட்டம் மட்டுமே நோக்கமென்றால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம்.

இவ்வளவு பாடுபடுவதற்கு வீடியோவே வேண்டாமே என்பவர்களும் உண்டு. சின்தோரியல் என்ற பயிற்சி மென்பொருள் ஓர் ஒலியைக் கேட்கவைத்து, நாப்புகளைத் திருப்பி அதேபோலச் செய்யச் சொல்கிறது. ஏபிள்டன் நிறுவனத்தின் 'லேர்னிங் சின்த்ஸ்' பக்கம் உலாவியிலேயே இலவசமாகத் தொட்டுப் பழகத் தருகிறது. கையால் பழகும் விஷயத்தில் வீடியோ இவற்றோடு போட்டிபோட முடியாது. மாணவரை அங்கே அனுப்ப ஆசிரியர் தயங்கக்கூடாது. ஆனால் மென்பொருளுக்குச் சரி, தவறு என்ற இரண்டுதான் தெரியும். இந்தப் பாட்டில் குரலுக்கு இடம்விட இந்த ஒலியின் நடுப்பகுதியைக் குறைத்தேன், ரெசொனன்ஸை ஏற்றியதும் அடிப்பகுதி மெலிந்தது, அதனால் பின்வாங்கினேன் என்று ஒரு தேர்ந்த காது உரக்கச் சிந்திப்பதை வீடியோவில்தான் கேட்கமுடியும். தயங்கித் திரும்பிய இடங்களை எடிட்டிங்கில் வெட்டிவிடுவதுதான் வழக்கம். அவற்றை விட்டுவையுங்கள்.

ஒலிப்பதிவில் சில விஷயங்கள் தவறினால் இத்தனை ஏற்பாடும் வீண். சின்தசைசரின் ஒலியை அறை மைக்கில் பிடிக்காமல் நேரடியாகப் பதியுங்கள். உங்கள் குரல் தனி டிராக்கில் இருக்கட்டும். ஒலி கேட்கும்போது பேசாதீர்கள், பின்னணி இசை வேண்டவே வேண்டாம். ரிவெர்ப், கோரஸ், டிலே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கருவியோடு வரும் பேட்ச்களின் அழகில் பாதி அவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. முன்னும் பின்னும் ஒப்பிடும் இரண்டு ஒலிகளின் அளவைச் சமப்படுத்துங்கள். சற்று உரக்கக் கேட்பது எதுவானாலும் அதுவே சிறந்ததாகத் தோன்றும். யூடியூப் உரத்த வீடியோக்களைச் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் அளவுக்கு இறக்கும், ஆனால் மெல்லியவற்றை ஏற்றாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பார்ப்பவர்களில் பலர் போனில்தான் கேட்பார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் சா அலை தன் மேல் ஹார்மோனிக்குகளால் கேட்டுவிடும். 55 ஹெர்ட்ஸ் சைன் சப்-பேஸ் அறவே கேட்காது. டீட்யூன் பாடத்தைக்கூட 110-ல் தொடங்கினால் ஹெட்ஃபோன் அவசியம் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள், அல்லது 440-ல் தொடங்கி மேலே போங்கள். ஸ்பெக்ட்ரம் காட்டும் படம் நல்ல துணை, ஆனால் ஊகத்துக்குப் பின்னால் மட்டும். முன்னால் காட்டினால் மாணவர் கேட்பதை நிறுத்திவிட்டுப் படத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார்.

பேட்ச் ஃபைலைத் தரவேண்டுமா என்றால் தரலாம், விடைத்தாளாக. வீடியோவோடு சேர்த்துத் தரவேண்டியது வெறும் பேட்சும், இலக்கு ஒலியின் ஆடியோவும், அதை வாசிக்கும் மிடி ஃபைலும். முடிந்த பேட்ச் அடுத்த பாடத்தோடு வரட்டும். தொடரை வெளியிடுமுன் நான்கைந்து பேரிடம் சோதியுங்கள். பார்த்த அன்று கேட்காதீர்கள், ஒரு வாரம் கழித்து வீடியோ இல்லாமல் மூன்று புதிய ஒலிகளை அனுப்பி, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள், பிறகு செய்யச் சொல்லுங்கள். செய்தது சரியாக வந்ததா என்பதைவிட எழுதியது எங்கே தவறியது என்பதைப் பாருங்கள். நீண்ட ரிலீஸை ரிவெர்ப் என்று பலரும் எழுதியிருந்தால் என்வலப் பாடத்தில் எஃபெக்ட் ஏதோ அணையாமல் இருந்திருக்கலாம், அல்லது இரண்டையும் அடுத்தடுத்து ஒப்பிட்டுக் காட்டத் தவறியிருக்கலாம். கட்ஆஃப் மாற்றத்தை வால்யூம் என்று எழுதியிருந்தால், அந்த இடத்தில் அளவைச் சமப்படுத்தி அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதிவுசெய்யுங்கள்.